புளித்தண்ணீரில் ஊறிய சாவி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் கார் சாவியைக் கெடுத்தது நான்தான். கடைசிவரை மூடி வைத்துச் சொல்லி வாசிப்பவரைத் திகைக்க வைக்கிற சாமர்த்தியம் சிலருக்கு உண்டு. எனக்கு அது இருந்தாலும் இந்த விஷயத்தில் அதைக் காட்ட யோக்கியதை இல்லை. ஒரு வருஷம் மூடி வைத்ததே போதும்.

இரண்டாயிரத்து எட்டோ ஒன்பதோ, சரியாக நினைவில்லை. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் வால்வு செய்யும் ஒரு தொழிற்சாலையில் நிர்வாக அலுவலராக இருந்தேன். பெயர்தான் பெரிது. வருகைப் பதிவேடு, கேன்டீன் சாமான், சீருடை, பூட்டு, சாவி, பினாயில் எல்லாம் என் தலையில். யாராவது தப்பு செய்தால் விளக்கக் கடிதம் எழுதி வாங்குவதும் நான்தான். பொன்னேரியிலிருந்து காலை ரயிலில் வந்து எட்டரைக்கு வாசலில் நிற்பேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். தாமதமாக வருகிறவனைப் பத்துப் பேர் முன்னால் நிறுத்திக் கேட்பேன். "மேடம் வருது" என்று யாராவது சொன்னால் பீடி அணையும். அதில் எனக்கு உள்ளுக்குள் ஒரு குளுகுளுப்பு இருந்தது. இன்றைக்கு அதை நினைத்தால் கூசுகிறது.

முதலாளி அந்த வருஷம் ஒரு வெளிநாட்டுக் கார் வாங்கினார். புதிது இல்லை. வேறு ஏதோ கம்பெனியில் இருந்த வெளிநாட்டு அதிகாரி ஒருவர் ஊர் திரும்பும்போது விற்றுவிட்டுப் போனது. அதற்கு ஸ்மார்ட் கீ. உள்ளங்கையில் அடங்குகிற கறுப்பு பிளாஸ்டிக் வில்லை. அதை எங்கேயும் நுழைத்துத் திருக வேண்டாம். சட்டைப் பையில் கிடந்தாலே கதவு திறக்கும், பொத்தானை அமுக்கினால் வண்டி கிளம்பும். நாங்கள் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு வந்து வேடிக்கை பார்த்தோம். ஒரே குறை, வண்டியோடு வந்தது ஒரே சாவி. இன்னொன்று கைமாறும்போது எங்கேயோ தொலைந்திருந்தது.

வண்டியை ஓட்டியவர் பழவேற்காட்டு ஏரிக்குள் இருக்கும் ஒரு குப்பத்துக்காரர். முப்பது வயதுக்கு ஒன்றிரண்டு கூட இருக்கும். அவர் வீட்டில் எல்லோரும் இறால் வலை, நண்டு வலை என்று இருக்க, இவர் ஒருவர்தான் ஸ்டியரிங் பிடிக்க வந்தவர். வாரம் ஆறு நாளும் செக்யூரிட்டி அறைக்குப் பின்னால் கட்டில் போட்டுப் படுத்துக்கொள்வார். சனிக்கிழமை சாயங்காலம் பஸ் பிடித்துப் பழவேற்காடு, அங்கிருந்து படகு. வீட்டில் மனைவியும் ஐந்து வயதில் ஒரு பெண் குழந்தையும்.

எங்கள் காம்பவுண்டுக்குள் ஜெனரேட்டர் அறைக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் குடியிருப்பு காலியாகக் கிடந்தது. ஓர் அறை, ஒரு சமையலறை, பின்னால் குழாய். தை பிறந்ததும் அதை அவருக்குத் தருவதாக முதலாளி வாக்குக் கொடுத்திருந்தார். அந்த அறைதான் அவருடைய கனவு. நாலு நாளைக்கு ஒருமுறை என் மேசைக்கு வந்து நிற்பார்.

"ரூம் விஷயம் இன்னாச்சி மேடம்? ஜூன்ல பாப்பாவ இங்க ஒண்ணாங்கிளாஸ்ல சேக்கணும். அங்க காத்து அடிச்சா படகு கெடயாது, படகு இல்லன்னா டீச்சரு வராது. பாதி நாளு லீவுதான். அது நல்லா படிக்கும் மேடம். பஸ்ஸு போர்டெல்லாம் எழுத்துக் கூட்டுது."

"தையில தர்றேன்னு சொல்லிட்டாரு இல்ல? சும்மா நச்சாதப்பா" என்பேன். சிரித்துக்கொண்டே போவார். மறுபடி வருவார்.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் தொழிற்பேட்டையில் அது தீபாவளியை விடப் பெரிய நாள். லேத் மிஷினிலிருந்து கேன்டீன் கிரைண்டர் வரை கழுவித் துடைத்துப் பொட்டு வைப்போம். எங்கள் தொழிற்சாலையில் கூடுதலாக ஒரு வழக்கம் இருந்தது. அதை ஆரம்பித்து வைத்தவளே நான்தான். அங்கே இருக்கும் சாவி அத்தனையையும் சேர்த்து ஒரே தாம்பாளத்தில் சாமி படத்துக்கு முன்னால் வைப்பது. கேட் சாவி, ஸ்டோர் சாவி, பீரோ சாவி, முதலுதவிப் பெட்டிச் சாவி எல்லாம். வருஷம் பூராவும் கை எண்ணெயும் கிரீஸும் பட்டு அழுக்கேறிக் கிடக்கிற சாவிகளை அப்படியே சாமி முன்னால் வைக்க எனக்கு மனசு ஒப்பாது. பூஜைக்கு முதல் நாள் ஓர் அலுமினியத் தவலையில் புளியைக் கரைத்து, இரண்டு கை கல்லுப்பைப் போட்டு, சாவிகளை அரை மணி நேரம் ஊறவைப்பேன். பிறகு தேங்காய் நாரால் தேய்த்தால் பித்தளை எல்லாம் தங்கம் மாதிரி வரும்.

அந்த வருஷம் முதலாளி வெளியூரில் இருந்தார். கார் தொழிற்சாலையிலேயே நின்றது. டிரைவர் அந்தக் கறுப்பு வில்லையை என்னிடம் கொடுத்துவிட்டு மிஷின் கழுவப் போனார். கேன்டீன் பின்கட்டில் தவலை முன்னால் நான் தனியாக உட்கார்ந்திருந்தேன். சாவிகளை ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டு அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தேன். ஆமாம், யோசித்தேன். தவறி விழுந்துவிட்டது என்று சொல்ல எனக்கு வழியில்லை. பிளாஸ்டிக்கைப் புளியில் போடுவானேன் என்று ஒரு மனசு சொன்னது. எல்லாச் சாவியையும் கழுவி முதலாளி வண்டிச் சாவியை மட்டும் அழுக்கோடு வைத்தால் நன்றாகவா இருக்கும் என்று இன்னொரு மனசு. போட்டேன். அதுவும் சாவிதானே என்று நினைத்தேன். உள்ளே பேட்டரி இருக்கும், சர்க்யூட் இருக்கும் என்பதெல்லாம் அந்த நேரத்தில் புத்திக்கு எட்டவே இல்லை.

அரை மணி கழித்து எடுத்துத் தேய்த்து உதறினபோது, அதன் விளிம்பிலிருந்து இரண்டு சொட்டு பழுப்புத் தண்ணீர் என் கையில் விழுந்தது. அப்போதுதான் உள்ளே தண்ணீர் போயிருப்பது உறைத்தது. புடவைத் தலைப்பால் அழுத்தித் துடைத்து, ஸ்டோர் ஜன்னலில் வெயிலில் வைத்தேன். சாயங்காலம் யாரும் பார்க்காதபோது கார் பக்கம் போய்ச் சாவியில் இருந்த பொத்தானை அமுக்கினேன். கதவு டப்பென்று திறந்தது. அப்பாடா என்று உட்கார்ந்துவிட்டேன். மறுநாள் அதற்கும் ஒரு சந்தனப் பொட்டு வைத்துத் தாம்பாளத்தில் நடுநாயகமாக வைத்தேன். என்ன திண்ணக்கம் பாருங்கள்.

விஜயதசமி அன்று மறுபூஜை முடிந்ததும் சாவி டிரைவர் கைக்குப் போனது. அந்தச் சனிக்கிழமை அவர் ஊருக்குக் கிளம்பும்போது சாவி சட்டைப் பையிலேயே இருந்துவிட்டது. இந்தச் சாவியில் அது ஒரு தொல்லை. வண்டியை நிறுத்தும்போது உருவி எடுக்கிற பழக்கம் இல்லாததால், பையில் அது கிடக்கிற நினைவே வராது. படகில் ஏறிய பிறகுதான் பார்த்திருக்கிறார். திங்கட்கிழமை காலையில் வந்ததும் அவரே என்னிடம் சொன்னார்.

"மறந்தாப்புல சாவிய ஊட்டுக்கு எடுத்துக்கினு பூட்டேன் மேடம். சார் கிட்ட சொல்லிடாதீங்க."

"முதலாளி ஊர்ல இல்லாததால பொழச்ச. இனிமே சாயங்காலம் என் மேசையில வெச்சிட்டுத்தான் போகணும்" என்று நான் சத்தம் போட்டேன். என் வாய் சும்மா இருக்குமா?

செவ்வாய்க்கிழமை முதலாளியை அழைத்துவர விமான நிலையத்துக்குப் போக வேண்டும். காலையில் டிரைவர் வந்து கூப்பிட்டார்.

"இன்னா மேடம் இது, சாவி மாதிரி ஒரு லைட்டு எரிஞ்சி எரிஞ்சி அணையுது. வண்டி ஸ்டார்ட் ஆவல. சாவி பாக்கெட்லதான் கீது."

போய்ப் பார்த்தேன். ஸ்பீடோமீட்டருக்குப் பக்கத்தில் மஞ்சள் நிறத்தில் குட்டிச் சாவிப் படம் ஒன்று மினுக்கிக்கொண்டிருந்தது. வண்டியோடு வந்த கையேட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு நான் இங்கிலீஷில் வாசித்து அவருக்குத் தமிழில் சொன்னேன். அந்த விளக்கு எரிந்தால் சாவி உள்ளே இருப்பது வண்டிக்குத் தெரியவில்லை என்று அர்த்தம். சாவி நிஜமாகவே வண்டிக்குள் இல்லாமல் இருக்கலாம். பக்கத்தில் செல்போன் மாதிரி ஏதாவது இருந்து தடுக்கலாம். சாவிக்குள் இருக்கும் பேட்டரி தீர்ந்திருக்கலாம்.

"செல்போனையும் சாவியையும் ஒரே பாக்கெட்ல போட்டா வேற எப்படி எரியும்?" என்று எடுத்த எடுப்பில் அவர்மேல் பாய்ந்தேன். அவர் பாவம், செல்போனை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு மறுபடி அமுக்கிப் பார்த்தார். விளக்கு அப்படியேதான் மினுக்கியது.

அடுத்தது பேட்டரி. ரயில்வே ஸ்டேஷன் பக்கத்து வாட்ச் கடைக்கு ஓடி, காசு மாதிரி வட்டமாக இருக்கும் பேட்டரி ஒன்றை அவர் வாங்கி வந்தார். கையேட்டில் படம் போட்டிருந்தபடி நானே ஒரு ரூபாய் நாணயத்தை விளிம்பில் கொடுத்து நெம்பினேன். வில்லை இரண்டாகப் பிளந்தது. உள்ளே, பழைய பேட்டரியைச் சுற்றி வெள்ளையாகப் பூத்திருந்தது. ஒரு மூலையில் பச்சை. விரலில் பட்டது நறநறவென்றது.

எனக்குப் புரிந்துவிட்டது. அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. டிரைவர் முன்பக்கம் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தார். நான் கட்டைவிரலால் அந்த வெள்ளையைத் துடைத்து, புது பேட்டரியைப் போட்டு, டக்கென்று மூடிவிட்டேன்.

அதன் பிறகும் பொத்தானை மட்டும் அமுக்கினால் வண்டி கிளம்பவில்லை. பேட்டரி பலவீனமாக இருந்தால் சாவியைப் பொத்தானோடு ஒட்டவைத்து அமுக்கச் சொல்லியிருந்தது கையேட்டில். அப்படிச் செய்ததும் விளக்கு பச்சையாக மாறி வண்டி கிளம்பியது. "சூப்பர் மேடம். மெக்கானிக்கு தோத்தான்" என்றார் டிரைவர். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை.

இரண்டு நாள் அப்படியே ஓட்டினார். மூன்றாம் நாள் முதலாளி உள்ளே இருக்கும்போது, தச்சூர் கூட்டு ரோடு பக்கத்தில் ஒரு பெட்ரோல் பங்கில் வண்டி நின்றே போனது. ஒட்டவைத்தும் பயனில்லை. முக்கியமான கூட்டம் ஒன்று அவருக்குத் தவறிப்போனது. வண்டியைக் கட்டி இழுத்துச் சென்னைக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு நாள் கழித்து சர்வீஸிலிருந்து ஒருவர் எனக்கு போன் செய்தார்.

"வண்டியில ஒண்ணும் கோளாறு இல்ல மேடம். சாவிதான் போச்சு. உள்ள போர்டு முழுக்க உப்பு அரிச்சிருக்கு. நல்லா உப்புத் தண்ணியில ஊறினாத்தான் இப்படி ஆகும். கடல் பக்கம் யாராவது எடுத்துட்டுப் போனாங்களா?"

அந்தக் கேள்விக்கு என் வாயிலிருந்து வந்த பதில் இதுதான்: "டிரைவர் ஊரு பழவேற்காடு."

பொய் இல்லை, பாருங்கள். ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அவர் ஊர் பழவேற்காடுதான். அதைவிட அயோக்கியத்தனமான ஓர் உண்மையை நான் என் வாழ்நாளில் பேசியதில்லை.

சர்வீஸ்காரர் அதை அப்படியே முதலாளியிடம் சொல்லிவிட்டார். முதலாளி டிரைவரைக் கூப்பிட்டுக் கேட்டார். சாவியை வீட்டுக்குக் கொண்டுபோனாயா? டிரைவர் என்னைத் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. "கொண்டுபோனேன் சார்" என்றார். தண்ணீர் பட்டதா? அவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு, "பட்டிருக்கும் சார்" என்றார். நான் அதே அறையில், கையில் நோட்டோடு நின்றேன். சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம். அடுத்தவரைக் கேள்வி கேட்டே பழகியவள், எல்லோர் முன்னாலும் குனிந்து நிற்க வேண்டுமே என்று நினைத்தேன். என் வேலை போயிருக்காது. முதலாளி திட்டியிருப்பார், அவ்வளவுதான். அந்தத் திட்டுக்குப் பயந்துகொண்டு நான் வாயை மூடிக்கொண்டேன்.

"அவன்கிட்ட லெட்டர் வாங்குங்க" என்றார் முதலாளி.

டிரைவர் என் மேசைக்கு வந்தார். "எனக்கு இந்த மாரி எல்லாம் எழுத வராது மேடம். நீங்களே எழுதிடுங்க, கையெழுத்து போடறேன்."

நான் எழுதினேன். என் கையெழுத்தில், என் பேனாவில், அவர் செய்யாத தப்பை அவர் செய்ததாக அழகாகப் பத்தி பிரித்து எழுதினேன். "வீட்டில் இருந்தபோது" என்று நான் ஆரம்பித்ததும் அவர் குறுக்கிட்டார்.

"ஊட்ல இல்ல மேடம். படகுல போம்போது அல தெறிச்சிடிச்சின்னு எழுதுங்க. ஊடுன்னு வோணாம்."

எதற்கு இதில் இவ்வளவு கறார் என்று ஒரு கணம் தோன்றியது. கேட்கவில்லை. கேட்டால் பேச்சு நீளும், என் முகம் காட்டிக்கொடுத்துவிடும். அடித்துத் திருத்தி, படகு என்று எழுதினேன். கையெழுத்துப் போட்டுவிட்டு, "நீங்க சார் கிட்ட கொஞ்சம் சொல்லுங்க மேடம். ரூம் மட்டும் போயிடப் போவுது" என்றார். சொல்கிறேன் என்றேன். நிஜமாகவே சொன்னேன். நல்ல மனுஷன், ஒரு தடவை மன்னிச்சிடுங்க சார் என்று முதலாளியிடம் பரிந்து பேசினேன். மன்னிக்கச் சொல்லிக் கேட்டது யாருடைய தப்புக்கு என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

பலன் இல்லை. அவரைக் காரிலிருந்து எடுத்து, தொழிலாளர்களை ஏற்றி இறக்கும் வேனில் போட்டார்கள். தை பிறந்தபோது அந்த அறை பராமரிப்பு சூப்பர்வைசருக்குப் போனது. ஜூனில் குழந்தையைக் குப்பத்துப் பள்ளியிலேயே சேர்த்துவிட்டதாக டிரைவர் சொன்னார். எனக்காக சார்கிட்ட பேசினீங்களே மேடம் என்று அவர் வீட்டிலிருந்து ஒரு தரம் கருவாடு கொண்டுவந்து கொடுத்தார். அதை வீட்டுக்குக் கொண்டுபோய் என் கணவருக்கும் பிள்ளைக்கும் வறுத்துப் போட்டேன். என்னால் ஒரு துண்டு வாயில் வைக்க முடியவில்லை. பல் வலி என்று சொல்லி எழுந்துவிட்டேன்.

அடுத்த வருஷ ஆயுத பூஜைக்கு முதல் நாள். அதே பின்கட்டு, அதே தவலை. வேனை டியூப் வைத்துக் கழுவிக்கொண்டிருந்தார் பழைய டிரைவர். காருக்கு வந்திருந்த புது டிரைவர் புதுச் சாவியைக் கொண்டுவந்து நீட்டி, "இதையும் இதுல போட்டுடவா மேடம்?" என்றான்.

"அதத் தொடாத" என்று நான் கத்தின கத்தில் தவலையே ஆடியது. அவன் பயந்துபோய்ச் சாவியை எடுத்துக்கொண்டு நகர்ந்தான். வேனுக்குப் பக்கத்தில் நின்றவர் திரும்பிப் பார்த்தார். தவலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவருக்கு அப்போது எதுவும் புரிந்திருக்காது. ஆனால் என்னால் அதற்கு மேல் முடியவில்லை. எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு நேராக அவரிடம் போனேன்.

"போன வருஷம் சாவி கெட்டது உன்னால இல்லப்பா. நான்தான் அத இந்தத் தவலையில போட்டு ஊற வெச்சேன். உப்பும் புளியும் போட்டு. பேட்டரி மாத்தும்போதே எனக்குத் தெரிஞ்சிடுச்சு. தெரிஞ்சும் சொல்லல."

அவர் குழாயை மூடிவிட்டு வந்தார். "என்னிக்கி மேடம் ஊற வெச்சீங்க?"

"பூஜைக்கு மொத நாளு."

"அப்போ நான் ஊட்டுக்கு எடுத்துக்கினு போறதுக்கு முன்னாலயே."

"ஆமா."

வேன் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டார். திட்டுவார் என்று நின்றேன். திட்டினால் வாங்கிக்கொள்ளத்தான் போயிருந்தேன். அறையை நினைப்பார், ஜூன் மாதத்தை நினைப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எம் பொண்ண அடிச்சிட்டேன் மேடம்" என்றார்.

பிறகு மெதுவாகச் சொன்னார். அந்த ஞாயிற்றுக்கிழமை குழந்தை சாவியைக் கையில் வைத்து விளையாடிக்கொண்டிருந்தது. பொத்தானை அமுக்கினால் அதில் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு எரியும், அது அதற்கு வேடிக்கை. உப்புத் தண்ணீர் என்று சர்வீஸில் சொன்னதும் அவருக்கு அந்த ஞாபகம்தான் வந்தது.

"அன்னிக்கே ஊட்டுக்குப் போயி கேட்டேன். தண்ணியில போட்டியான்னு. இல்லன்னுச்சி. பொய் சொல்றியான்னு கயித்த எடுத்து அடிச்சேன். அப்பவும் இல்லன்னுச்சி. ரூம் போவுதேன்ற வெறி மேடம் எனக்கு. மூணாவது தபா கேக்கசொல்லோ ஆமான்னு சொல்லிச்சி. அப்புறம்தான் உட்டேன்." கையைத் துடைத்துக்கொண்டு, "அதான் ஊடுன்னு எழுத வோணாம்னு சொன்னேன். புள்ள மேல பழி லெட்டர்ல வரக்கூடாதுன்னு" என்றார்.

இவ்வளவு பேசுகிற வாய்க்கு அன்றைக்கு ஒரே வார்த்தைதான் கிடைத்தது. மன்னிச்சிடுப்பா என்றேன். அவர் எழுந்து குழாயைத் திறந்து வேனின் மறுபக்கத்தைக் கழுவப் போனார்.

அன்று மத்தியானமே முதலாளியிடம் போய்ச் சொன்னேன். நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். "சாவியைப் புளி போட்டு வெளக்கினீங்களா? இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே" என்றார். அடுத்த மாதத்திலிருந்து பழைய டிரைவரையே காரில் போடச் சொன்னார். அறை இனி காலியானால் பார்க்கலாம் என்றார். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. இந்த ஐந்து நிமிஷத்துக்குப் பயந்துதான் நான் ஒரு வருஷம் ஒளிந்திருந்தேன்.

சாயங்காலம் கிளம்பும்போது டிரைவர் வாசலில் வந்து நின்றார். "மேடம், ஒரு தபா ஊட்டுக்கு வர்றீங்களா? நீங்களே பாப்பா கிட்ட சொல்லிடுங்க. நான் சொன்னா செரியா இருக்காது."

ஞாயிற்றுக்கிழமை போனேன். பொன்னேரியிலிருந்து பஸ். படகுத்துறையில் அவர் காத்திருந்தார். ஏரி அன்று அமைதியாக இருந்தது. படகில் வந்தவர்கள் மீன் விலை பேசிக்கொண்டிருந்தார்கள். நான் சொல்ல வேண்டியதை மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். ஆறு வயதுக் குழந்தைக்குப் புரிகிற மாதிரி, எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று.

குழந்தை வாசலில் நின்றிருந்தது. எண்ணெய் வைத்து இழுத்துச் சீவின தலை, பள்ளிக்கூட கவுன். ஞாயிற்றுக்கிழமையும் அதைத்தான் போட்டுக்கொள்ளும் என்று அதன் அம்மா சொன்னார். நான் கீழே உட்கார்ந்தேன். அதன் உயரத்துக்குச் சமமாக இருக்கட்டும் என்று.

"கண்ணு, போன வருஷம் அப்பா ஒரு கறுப்புச் சாவி கொண்டுவந்தாரே, ஞாபகம் இருக்கா? அது கெட்டுப்போனது உன்னால இல்ல. நான்தான் அதத் தண்ணியில போட்டேன். நீ ஒண்ணும் பண்ணல. உன்ன அடிச்சது தப்பு. அது என்னாலதான்."

குழந்தை அப்பாவைப் பார்த்தது. அவர் தலையை ஆட்டினார். "ஆமாண்டா. ஆன்ட்டிதான் போட்டாங்களாம். நீ இல்ல."

"இல்ல" என்றது குழந்தை. "நான்தான் போட்டேன்."

நான் சிரித்துக்கொண்டே, "நீ போடல கண்ணு" என்றேன்.

"போட்டேன். படகு கிட்ட, நீல பக்கெட்ல. உள்ள நண்டு இருந்திச்சி. சாவி உள்ள பூடுச்சி. அப்புறம் எடுத்து கவுன்ல தொடச்சி வெச்சிட்டேன்." ஒப்பிப்பது மாதிரி இல்லை. நடந்ததைச் சொல்கிற மாதிரி, யோசித்து யோசித்துத்தான் சொன்னது.

அதன் அம்மா கதவோரம் நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "அந்த நீல பக்கெட்டு நாங்க வாங்குனதே அதுக்கு அப்புறம் வந்த பொங்கலுக்குங்க" என்றார் என்னிடம், மெல்ல.

டிரைவர் குழந்தையைத் தூக்கப் போனார். அது அவர் கைக்குள் போகாமல் இரண்டு அடி பின்னால் போய் நின்றுகொண்டது. பிறகு என்னைப் பார்த்து, நான் கோபமாக வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டோ என்னவோ, இரண்டு கையையும் கட்டிக்கொண்டு சொன்னது.

"இனிமே போட மாட்டேன்."